கணினி கேள்வி – பதில்: ஃபார்மட் போடும் முன்...

(விண்டோஸில் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். 'ஸ்லாஷ்' என்றால் / குறி, 'டாட்' என்றால் புள்ளி.)

ஆன் செய்தால் பத்து நிமிடத்துக்கு மவுஸ்கூட நகர்வதில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவப்பாக நிற்கிறது. 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். கடையில் இரண்டு முறை ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் பழைய நிலைமை. மறுபடியும் ஃபார்மட் செய்யலாமா?
– விருதுநகர் வாசகர்

வேண்டாம். இரண்டு முறை போட்டும் திரும்பி வருகிறது என்றால் நோய் விண்டோஸில் இல்லை. புதிதாகப் போட்ட விண்டோஸில் தானாகத் தொடங்கும் நிரல்கள் குறைவு, கோப்புகளும் சிதறாமல் இருக்கும். அதனால் சில வாரங்கள் வேகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் அளந்து பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைச் சொடுக்குங்கள். அங்கே 'ஆக்டிவ் டைம்' 100% என்று இருப்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை. அதன் அருகில் இருக்கும் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்ன என்று பாருங்கள். நல்ல ஹார்டு டிஸ்க் வேலை செய்யும்போது அது சில பத்து மில்லி செகண்டுகளுக்குள் இருக்கும். ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறி நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகமோ நொடிக்கு 1 எம்பியைத் தாண்டவில்லை என்றால் டிஸ்க் தடுமாறுகிறது.

அடுத்து 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலை அது காட்டும். எண்கள் பதினாறடிமான முறையில் வரும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய் 10 அடிமானத்துக்கு மாற்றினால் படிக்க எளிது. நான்கு வரிகள் போதும். 05 என்பது பழுதாகி மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்). சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. சி7 என்பது கேபிள் வழியே தரவு வரும்போது நேர்ந்த பிழைகள். இவற்றில் சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, ஆனால் மேலே ஏறுவது நிற்க வேண்டும். சி5, சி6 பூஜ்யம் இல்லை என்றால் அன்றைக்கே முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அந்த நிலையில் டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க், சிதறிய கோப்புகளைச் சேர்க்கும் டீஃப்ராக் எதையும் ஓட விடாதீர்கள். முழு டிஸ்க்கையும் உழுவது போன்ற வேலை அது. சாகும் தறுவாயில் உள்ள டிஸ்க்கை இன்னும் சீக்கிரம் கொன்றுவிடும்.

நான்கும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் பெரும்பாலும் பழுதில்லை, இன்றைய விண்டோஸுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். சுழலும் ஹார்டு டிஸ்க்கால் ஆங்காங்கே சிதறிய சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறை அளவில்தான் எட்டிப் படிக்க முடியும். சுழலும் தட்டே இல்லாத சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யால் பல்லாயிரம் முறை முடியும். 250 அல்லது 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றுங்கள், பழைய டிஸ்க்கைப் படங்கள், பாடல்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளோன் செய்து, அதாவது டிஸ்க்கை அப்படியே பிரதியெடுத்து மாற்றினால் முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாகவே இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

எங்கள் வீட்டு சி டிரைவ் 120 ஜிபி எஸ்.எஸ்.டி. எப்போதும் சிவப்புக் கோடுதான். வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை அழிக்கலாமா?
– கும்பகோணம் வாசகி

கூடாது. அந்த ஃபோல்டரில் தெரியும் கோப்புகளில் பெரும்பகுதி சிஸ்டம்32 போன்ற இடங்களில் இருக்கும் அதே கோப்புகள்தான். ஒரே கோப்புக்கு இரண்டு முகவரிகள் இருப்பதால் எக்ஸ்ப்ளோரர் இருமுறை எண்ணிப் பெரிதாகக் காட்டுகிறது. கைவைத்தால் அப்டேட்டுகள் நின்றுபோகும்.

இடம் வேண்டுமென்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' இருந்தால் அதுவே பத்து இருபது ஜிபி தரும். பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இறக்கி வைத்தவை எல்லாம் போய்விடும்.

திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணையும் ஹைபர்னேட் வசதியை டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் அதற்கான கோப்பு ரேமின் அளவில் சுமார் 40 சதவீதத்தைப் பிடித்து வைத்திருக்கும். 16 ஜிபி ரேம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். கமாண்ட் பிராம்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆஃப்' என்று கொடுத்தால் அது போய்விடும். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் போகும். எஸ்.எஸ்.டி. இருக்கும்போது அதன் இழப்பு தெரியாது. ஷட்டவுன் செய்தும் சரியாகாத பல சிக்கல்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பால் வருபவை என்பதால், அது போவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை கணினி. விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை, டிபிஎம் 2.0 இல்லை, செக்யூர் பூட் இல்லை என்று சொல்கிறது. புதிய கணினிதான் வாங்க வேண்டுமா?
– ஈரோடு வாசகர்

வேண்டியதில்லை. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலிகள் தகுதிப் பட்டியலில் இருக்கின்றன. டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது. பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) அணைந்து கிடக்கிறது. இன்டெல் போர்டுகளில் அதற்கு 'பிடிடி' என்றும், ஏஎம்டி போர்டுகளில் 'எஃப்டிபிஎம்' என்றும் பெயர். அதை எனேபிள் செய்துவிட்டு, ரன் பெட்டியில் (விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும்) 'டிபிஎம் டாட் எம்எஸ்சி' என்று கொடுத்தால் பதிப்பு 2.0 என்று காட்டும்.

சிக்கல் செக்யூர் பூட்டில்தான். அது யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில்தான் வேலை செய்யும். ரன் பெட்டியில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று கொடுத்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'லெகசி' என்று இருந்தால் டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் அட்டவணை பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றாமல் பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாறினால் விண்டோஸ் பூட் ஆகாது. மாற்றும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது: 'எம்பிஆர்2ஜிபிடி ஸ்லாஷ் வாலிடேட் ஸ்லாஷ் அலோஃபுல்ஓஎஸ்'. இது சோதனை மட்டும்தான், எதையும் மாற்றாது. இது தேறினால் வாலிடேட் என்ற இடத்தில் 'கன்வர்ட்' என்று கொடுங்கள். அது முடிந்தபின் பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாறி, செக்யூர் பூட்டை எனேபிள் செய்யுங்கள்.

அசெம்பிள் செய்த கணினிகள் பல இந்தச் சோதனையில் தோற்கும். டி, இ, எஃப் என்று பிரித்துத் தரும்போது அவை 'லாஜிக்கல்' பார்ட்டிஷன்களாக இருப்பதுதான் காரணம். அந்தக் கருவி லாஜிக்கல் பார்ட்டிஷனை ஏற்காது. பிரைமரி பார்ட்டிஷன்களும் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியானால் டி, இ டிரைவ்களில் உள்ளதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அவற்றை நீக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆன் ஆகியிருந்தால் பயாஸைத் தொட்டவுடன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை முன்பே எழுதி வையுங்கள், அல்லது பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். இன்னொன்று, மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகியிருந்தால், பழைய லெகசி முறைக்கான சிஎஸ்எம்-ஐ அணைத்ததும் திரை கறுப்பாகிவிடலாம். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் வீடியோ துளையில் மானிட்டரைச் செருகிப் பாருங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. உண்மையிலேயே தகுதியில்லாத பழைய கணினி வைத்திருப்பவர்கள், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

புதுக் கணினிக்கு மாறியபின் தமிழில் மூன்று தொல்லைகள். லதா எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளில் பக்கங்கள் தாறுமாறாகின்றன. பாமினியில் அடித்தவை ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன. தட்டச்சு செய்யும்போது தமிழும் ஆங்கிலமும் தானாக மாறுகின்றன.
– யாழ்ப்பாணம் வாசகர்

மூன்றும் வேறு வேறு காரணங்களால் வருபவை.

லதா, விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த எழுத்துரு. விண்டோஸ் 10 முதல் அதையும் விஜயா என்ற எழுத்துருவையும் தனியே எடுத்துவிட்டார்கள். இயல்பாக இருப்பது நிர்மலா யுஐ மட்டுமே. லதா இல்லாத இடத்தில் வேர்ட் வேறொன்றைப் போட்டுக் காட்டுகிறது. எழுத்தின் அகலமும் வரி உயரமும் மாறுவதால் பக்கங்கள் தள்ளிப் போகின்றன. செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, சேர்க்கும் பட்டியலில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லதாவும் விஜயாவும் வந்துவிடும், பக்கங்களும் பழையபடி அமரும். யாரிடமிருந்தும் லதா கோப்பை நகலெடுத்துப் போட வேண்டியதில்லை.

பாமினி கதை வேறு. அது யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) எழுத்துரு அல்ல. கோப்புக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள்தாம்; பாமினி என்ற சட்டையைப் போட்டால் தமிழாகத் தெரியும். படிக்க மட்டும் வேண்டுமென்றால் பாமினி எழுத்துருவை நிறுவினால் போதும். ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்பதைக் கொடுங்கள். வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் எழுத்துரு உங்கள் கணக்குக்குள் மட்டும் அமரும், பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்களின் கண்ணுக்குப் படாமல் போகலாம்.

தேடவும் மின்னஞ்சலில் அனுப்பவும் வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றும் முன் எந்தக் குறியாக்கம் என்று தெரிய வேண்டும். கிறுக்கலில் சாதாரண ஆங்கில எழுத்துகளும், சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளியும் வந்தால் அது பாமினி வகை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. தலையில் கொம்பும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் நிறைய வந்தால் டிஸ்கி, டாப், டாம் போன்ற ஒன்றாக இருக்கும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் சரியான குறியாக்கத்தைத் தேர்ந்து, முதலில் ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒகர, ஓகார, ஔகாரங்களும் 'ஸ்ரீ'யும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். தவறு முதலில் அங்கேதான் தெரியும்.

இதில் பலர் அடிபடும் இடம் ஒன்று உண்டு. ஒரே பத்தியில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால், மொத்தமாக மாற்றும்போது உண்மையான ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும். முகவரி, மின்னஞ்சல் எல்லாம் பாழ். வேர்டில் அட்வான்ஸ்டு ஃபைண்ட் பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தைக் காலியாக விட்டு, ஃபார்மட், ஃபான்ட் என்று போய் பாமினியைக் குறிப்பிட்டு, 'ஃபைண்ட் இன்' மூலம் மெயின் டாக்குமென்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பாமினியில் இருக்கும் பகுதிகள் மட்டும் ஒளிரும். அவை எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து, பகுதி பகுதியாக மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பிழை ஆறு மாதம் கழித்தும் கண்ணில் படும்.

பழைய தமிழ் மென்பொருள் எதிலாவது தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால், ரீஜன் அமைப்பில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் பகுதிக்குப் போய் 'பீட்டா: யூஸ் யூனிகோடு யுடிஎஃப்-8' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழுக்கு நல்லது என்று நினைத்துச் சிலர் அதை ஆன் செய்துவிடுகிறார்கள். டிஸ்கி, டாப் போன்ற எட்டு பிட் எழுத்துருக்களை நம்பியிருக்கும் மென்பொருள்களுக்கு அது கேடு. எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆங்கில மொழியையே வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மொழி தானாக மாறுவது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் தவறிச் சேர்ந்து அழுந்துவதால். செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' என்று தேடி, 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' உள்ளே 'சேஞ்ச் கீ சீக்வென்ஸ்' பெட்டியில் இரண்டையும் 'நாட் அசைன்டு' ஆக்குங்கள். பிறகு விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்ந்தால்தான் மொழி மாறும். அதே பக்கத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி மொழி வைக்கும் கட்டம் ஒன்றும் உண்டு. வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று வேலை செய்பவர்களுக்கு அது பெரிய உதவி. தமிழ்99, அஞ்சல் இரண்டும் விண்டோஸ் 11-ல் உள்ளேயே இருக்கின்றன. தமிழ் மொழியின் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் 'ஆட் எ கீபோர்டு' கொடுத்தால் கிடைக்கும்.

தினமும் காலையில் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. எந்த இணையதளமும் திறக்க மாட்டேன் என்கிறது.
– சேலம் வாசகி

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதியது 3 வோல்ட், மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி பழைய வருடத்தில் இருப்பதால் அவை இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்து பிரவுசர் தடுக்கிறது. இரவில் சுவர் சுவிட்சையே அணைக்கும் வீடுகளில் இந்த பேட்டரி சீக்கிரம் தீரும். மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்தான் கடிகாரத்துக்கு ஊட்டுகிறது.

மாற்றும் முன் பயாஸ் திரைகளை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போகக்கூடும். டிஸ்க்கோடு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா மோட் ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டு அல்லது ஐடிஇக்கு மாறிவிட்டால் 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வரும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று பயந்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பழையபடி மாற்றினால் போதும்.

தேதி சரியாக இருந்து நேரம் மட்டும் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் பேட்டரி காரணமில்லை. அதே கணினியில் லினக்ஸ் இயங்குதளமும் இருக்கும். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒருமுறை கொடுங்கள்.

கரன்ட் போய் வந்தபின் 'பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. மகளின் படங்கள் எல்லாம் டெஸ்க்டாப்பில் இருக்கின்றன.
– நாகப்பட்டினம் வாசகர்

முதலில் படங்கள், பிறகுதான் விண்டோஸ். நீலத் திரையில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ட் என்று போங்கள். பென் டிரைவைச் செருகிவிட்டு 'நோட்பேட்' என்று அடியுங்கள். திறக்கும் நோட்பேடில் ஃபைல், ஓப்பன் கொடுத்து, கீழே கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் அந்தச் சிறிய பெட்டியே உங்களுக்கு எக்ஸ்ப்ளோரர். யூசர்ஸ், உங்கள் பெயர், டெஸ்க்டாப் என்று போய் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி கொடுத்து, பென் டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். எவ்வளவு முடிந்தது என்று எதுவும் காட்டாது. உறைந்தது போல நிற்கும். காத்திருங்கள். இங்கே உங்கள் சி டிரைவ், டி என்றோ இ என்றோ பெயர் மாறியிருக்கலாம். உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருப்பதே உங்களுடையது.

படங்கள் பத்திரமானபின், அந்த டிரைவின் எழுத்தைப் போட்டு 'சிஹெச்கேடிஎஸ்கே டி: ஸ்லாஷ் எஃப்' என்று செக்டிஸ்க்கை ஓட விடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கோப்பு அட்டவணைதான் பெரும்பாலும் குலைகிறது, பல கணினிகள் இதிலேயே எழுந்துவிடும். எழாவிட்டால் ஸ்டார்ட்டப் ரிப்பேர், அதற்கும் மசியாவிட்டால் சிஸ்டம் ரீஸ்டோர். கடைசியாகத்தான் 'ரீசெட் திஸ் பிசி'. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் கோப்புகள் நிற்கும், ஆனால் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போகும். கணினி எழுந்தபின் அட்மின் கமாண்ட் பிராம்ட்டில் 'எஸ்எஃப்சி ஸ்லாஷ் ஸ்கேன்னவ்' ஒருமுறை கொடுத்துவிடுங்கள்.

பிரின்டரில் ஒரு கோப்பு 'டெலீட்டிங்' என்றே நிற்கிறது. அடுத்தது எதுவும் போகவில்லை.
– மதுரை வாசகி

ரன் பெட்டியில் 'சர்வீசஸ் டாட் எம்எஸ்சி' கொடுத்து, அச்சுக்குக் காத்திருக்கும் கோப்புகளைக் கவனிக்கும் பிரின்ட் ஸ்பூலரை ஸ்டாப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருப்பவற்றை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. ஸ்பூலரை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வேறு யுஎஸ்பி துளையில் செருகியதால் 'காப்பி 1' என்று இரண்டாவது பிரின்டர் முளைத்திருந்தால், கோப்பு பழைய பெயருக்கே போய்த் தேங்கும், பழையதை நீக்கிவிடுங்கள்.

கீபோர்டில் பேக்ஸ்பேஸ் விசை மட்டும் வேலை செய்யவில்லை. வேறு விசைக்கு அதைக் கொடுக்க முடியுமா?
– திருச்சி வாசகர்

முடியும். மைக்ரோசாஃப்டின் இலவச 'பவர்டாய்ஸ்' தொகுப்பில் 'கீபோர்டு மேனேஜர்' இருக்கிறது. 'ரீமேப் எ கீ' கொடுத்து, கேப்ஸ் லாக்கைத் தேர்ந்து, எதிரே பேக்ஸ்பேஸைக் குறியுங்கள். உடனே வேலை செய்யும். ஆனால் பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் பலிக்கும். பாஸ்வேர்டு கேட்கும் முதல் திரையில் பலிக்காது. அங்கும் வேண்டுமென்றால் 'ஷார்ப்கீஸ்' போடுங்கள். அது மாற்றத்தை ரெஜிஸ்ட்ரியிலேயே எழுதிவிடுவதால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தபின் எல்லாத் திரையிலும் பலிக்கும். இரண்டையும் ஒரே விசைக்குச் சேர்த்து வைக்காதீர்கள். ஒன்று மாற்றியதை மற்றது மீண்டும் மாற்றும்.